ஒரே கரு, பல வழங்கல்கள்: நிறுவனங்கள் லினக்ஸ் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையும் தமிழ் எண்ணிம நூலகங்களும்

1. முன்னுரை

கணினித் தமிழ் குறித்த ஆய்வரங்குகளில் எழுத்துரு, குறியாக்கம், சொற்பிழை திருத்தி, எந்திர மொழிபெயர்ப்பு ஆகியன விரிவாகப் பேசப்பட்டு வருகின்றன. இவை அனைத்தையும் அடியில் நின்று தாங்கும் இயங்குதளம் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகிறது. எந்த இயங்குதளமாயினும் தமிழ் தெரிந்தால் போதும் என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும் வங்கிகள், ஆய்வகங்கள், பெருநிறுவனங்கள் ஆகியவை இத்தேர்வை மிகுந்த எச்சரிக்கையுடன் செய்கின்றன. லினக்ஸ் என்னும் ஒரே பெயரில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்க, ஒரு நிறுவனம் அவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றவற்றை ஏன் விடுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலையே காரணம் என்பர் சிலர். தொழில்நுட்பத் தரமே காரணம் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் துணைக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. இவ்வகைகள் யாவும் பெரும்பாலும் ஒரே மென்பொருள்களைக் கொண்டு ஆக்கப்படுவதால், தேர்வை முடிவு செய்வது உள்ளிருக்கும் பொருளன்று. எத்தனை ஆண்டுகளுக்கு, யார், எந்தப் பொறுப்பின்பேரில் அதனைப் பழுதுபார்த்துத் தருவர் என்பதே முடிவு செய்கிறது. இக்கருத்தை நிறுவியபின், தமிழ் நூற்பட்டியல்களையும் சுவடிப் பதிவுகளையும் கணினியில் காத்துவரும் நூலகங்களுக்கு இதனால் பெறப்படுவது யாது என்பது இறுதிப் பகுதியில் ஆராயப்படும்.

2. வழங்கல் என்பது யாது?

1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது இயங்குதளத்தின் கருவை மட்டுமே. நினைவகம், வட்டு, செயலி ஆகியவற்றைப் பங்கிட்டுத் தருவது கருவின் தொழில். கருவை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு கடிதமும் எழுத இயலாது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும், வேறு பலர் ஆக்கிய ஆயிரக்கணக்கான மென்பொருள்களும் அதனுடன் சேரவேண்டும். இவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று முரணாதவாறு பொருத்தி, சோதித்து, பொதிகளாகக் கட்டி, தொடர்ந்து திருத்தி வெளியிடும் தொகுப்பையே லினக்ஸ் வழங்கல் என்கிறோம்.

இதனைப் பதிப்புத்துறையோடு ஒப்பிட்டால் விளங்கும். ஒரே இலக்கியத்துக்குப் பல பதிப்புகள் உண்டு. மூலம் ஒன்றேயாயினும், எந்தப் பாடத்தைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, பிழை காணப்பட்டால் அடுத்த அச்சில் திருத்துவது யார் என்பனவற்றால் பதிப்புகள் வேறுபடுகின்றன. நூலகம் பதிப்பாசிரியரின் நம்பகத்தன்மையைக் கருதியே பதிப்பைத் தேர்கிறது. வழங்கலும் அத்தகையதே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அச்சிட்ட நூல் ஐம்பதாண்டு அலமாரியில் மாறாது இருக்கலாம். வழங்கலோ பாதுகாப்புக் குறைகள் வெளிப்படுந்தோறும், சில வேளைகளில் வாரந்தோறும், திருத்தம் பெற்றாக வேண்டும்.

இன்று நிறுவனங்களில் பெருவழக்காக உள்ள வழங்கல்கள் மூன்று மரபுகளில் அடங்கும். முதலாவது, 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன். எந்த வணிக நிறுவனத்துக்கும் உரிமையாகாது, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. 2004 முதல் கேனோனிக்கல் நிறுவனம் வெளியிடும் உபுண்டு இதன் வழித்தோன்றலாகும். இரண்டாவது, 1993இல் அமெரிக்காவில் தோன்றிய ரெட் ஹாட் நிறுவனத்தின் மரபு. மூன்றாவது, 1992இல் ஜெர்மனியில் தோன்றிய சூசே நிறுவனத்தின் மரபு.

3. காலம் குறித்த வாக்குறுதி

தனிப்பயனர் ஒருவர் புதிய பதிப்பு வந்ததும் மகிழ்ந்து நிறுவிக்கொள்வார். நிறுவனத்தின் நிலை வேறு. சம்பளப் பட்டியல், கிடங்குக் கணக்கு, நோயாளர் பதிவேடு ஆகியவற்றை இயக்கும் வழங்கி ஒன்றில் அடித்தள மென்பொருளை மாற்றினால், அதன்மேல் இயங்கும் ஒவ்வொன்றையும் மீண்டும் சோதிக்க வேண்டும். ஆகவே மாறாமை என்பதே நிறுவனம் விலை கொடுத்து வாங்கும் பண்டமாகிறது.

ரெட் ஹாட் நிறுவனம் இதனைத் தெளிவாக உணர்ந்தது. 2002இல் நிறுவனங்களுக்கென்று தனியாக ஒரு வழங்கலை வெளியிட்டு, அடுத்த ஆண்டிலேயே பொதுமக்களுக்கான தன் பழைய வழங்கலின் வளர்ச்சியை நிறுத்தியது. விரைவாக மாறும் புதுமைகளுக்கு ஃபெடோரா என்னும் திட்டம் 2003இல் உருவாயிற்று. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் எனப்படும் நிறுவன வழங்கலின் அண்மைத் தலைமுறைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாண்டு ஆதரவு உறுதி தரப்படுகிறது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளிவந்து ஐந்தாண்டு திருத்தம் பெறுகிறது; சந்தா செலுத்துவோர்க்கு அது பத்தாண்டும் அதற்கு மேலும் நீள்கிறது. டெபியனின் நிலைப் பதிப்பு மூன்றாண்டு முழு ஆதரவும், நீண்டகாலக் குழுவினரின் முயற்சியால் மேலும் இரண்டாண்டும் பெறுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மென்பொருள் மாறாதிருக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தமும் வேண்டும். இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே கூடும்? இதற்கான வழி பின்னோக்கிய பொருத்தம் எனலாம். புதிய பதிப்பில் செய்யப்பட்ட திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பதிப்பின் நிரலுக்கு ஏற்ப மாற்றி எழுதி அதிற் பொருத்துவதே இம்முறை. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்னும் குறை வெளிப்பட்டபோது, மறையாக்க மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லை ஆக்குவோர் திருத்திய புதிய பதிப்பை வெளியிட்டனர். ரெட் ஹாட் நிறுவனமோ தன் ஆறாம் தலைமுறையில் இருந்த பழைய பதிப்பெண்ணை மாற்றாமலே அத்திருத்தத்தை உள்ளே வைத்துத் தந்தது. பயனாளர் நிறுவனத்தின் மற்றைய மென்பொருள்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஐந்தாம் தலைமுறையில் இருந்த மென்பொருள் மிகப் பழையதாகையால் அக்குறையே அதில் புகவில்லை.

பழமை காவலாக அமைந்த மற்றொரு நிகழ்ச்சி 2024 மார்ச் 29 அன்று வெளியாயிற்று. எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளின் புதிய பதிப்புகள் இரண்டில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு ஒன்றை ஒளித்து வைத்திருந்தனர். தொலைவிலிருந்து கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்டிரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதனைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளை, ஃபெடோராவின் வளர்நிலைப் பதிப்பு ஆகியவற்றை அது எட்டியிருந்தது. டெபியனின் நிலைப் பதிப்பையோ ரெட் ஹாட்டின் நிறுவன வழங்கலையோ எட்டவில்லை. புதியதே பாதுகாப்பானது என்னும் பொதுக் கருத்து எக்காலத்தும் மெய்யன்று என்பதற்கு இது சான்றாகும்.

4. சான்றளிப்பும் பொறுப்பும்

இரண்டாவது காரணம், அந்நிறுவனம் வாங்கியுள்ள பிற மென்பொருள்களின் கட்டுப்பாடு. எஸ்ஏபி நிறுவனத்தின் ஹானா தரவுத்தளத்தை லினக்ஸில் நிறுவ விரும்புவோர்க்குச் சூசே, ரெட் ஹாட் ஆகிய இரண்டின் நிறுவன வழங்கல்களே அந்நிறுவனத்தின் ஆதரவு பெற்றவை. டெபியனில் அது தொழில்நுட்ப நிலையில் இயங்கக்கூடும். ஆயினும் நள்ளிரவில் கணக்கு நின்றுபோனால், சான்றளிக்கப்படாத இயங்குதளம் என்று கூறி விற்பனையாளர் விலகிக்கொள்ள இயலும். அமெரிக்க நடுவண் அரசு அலுவலகங்கள் எஃப்ஐபிஎஸ் 140 என்னும் தரத்தின்படி சான்று பெற்ற மறையாக்க மென்பொருள்களையே பயன்படுத்த வேண்டும். அச்சான்றைப் பெறுவதற்கு நீண்ட காலமும் பெரும் பொருளும் வேண்டியிருத்தலின், பெரும்பாலும் வணிக நிறுவனத்தின் துணை பெற்ற வழங்கல்களே அதனைத் தாங்குகின்றன.

இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கு நிறுவனங்கள் ஏன் பணம் செலுத்துகின்றன என்னும் வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. அவை மென்பொருளுக்கு விலை தரவில்லை. பொறுப்பேற்பவருக்குச் சந்தா தருகின்றன. 2012 பிப்ரவரியில் முடிந்த நிதியாண்டில் ரெட் ஹாட்டின் ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டிற்று. 2019 ஜூலையில் ஐபிஎம் நிறுவனம் ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு அதனை வாங்கிற்று. எவரும் படியெடுக்கக்கூடிய நிரலுக்கு இவ்வளவு விலை என்றால், அது வாக்குறுதியின் விலை என்றே கொள்ளவேண்டும்.

5. வாக்குறுதி மாறியபோது: சென்ட்ஓஎஸ்

அத்தகைய வாக்குறுதியைச் சந்தா இன்றியே பெற இயலுமா? ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் இயன்றது. கட்டற்ற மென்பொருள் உரிமங்களின் வழியில் ரெட் ஹாட் தன் மூலநிரலைப் பொதுவில் வைத்திருந்தது. 2004இல் தொடங்கிய சென்ட்ஓஎஸ் திட்டத்தினர் அந்நிரலை எடுத்து, வணிகக் குறிகளை நீக்கி, மீண்டும் கட்டி இலவசமாக வெளியிட்டனர். உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றே. ஆதரவு ஒப்பந்தம் மட்டும் இல்லை. தாமே பழுதுபார்க்கும் திறன் பெற்ற நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இதனைப் பெரிதும் நாடின. 2014இல் ரெட் ஹாட் நிறுவனமே இத்திட்டத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

2019இல் வெளியான சென்ட்ஓஎஸ் 8 பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என்று பயனாளர்கள் எதிர்பார்த்திருந்தனர். 2020 டிசம்பர் 8 அன்று, 2021ஆம் ஆண்டு இறுதியோடு அப்பதிப்பு நிறுத்தப்படும் என்னும் அறிவிப்பு வந்தது. அதற்குமுன் வந்த ஏழாம் பதிப்போ 2024 ஜூன் 30 வரை திருத்தம் பெற்றது. புதியதற்கு மாறியவர் முன்னதாகவும், பழையதில் தங்கியவர் பின்னதாகவும் கைவிடப்பட்டனர்.

இதன் விளைவை அறிவியல் உலகமும் உணர்ந்தது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகமும் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகமும் இதே மூலநிரலினின்று சயின்டிஃபிக் லினக்ஸ் என்னும் தமக்குரிய வழங்கலை 2004 முதல் கட்டி வந்தன. செர்ன் முன்னரே சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாறியிருந்தது. ஒரே பணியை இரண்டிடத்தில் செய்வானேன் என்னும் நோக்கில், தன் வழங்கலுக்கு எட்டாம் பதிப்பு வராது என்று 2019இல் ஃபெர்மி ஆய்வகமும் அறிவித்தது. அடுத்த ஆண்டே சென்ட்ஓஎஸ்ஸின் நிலை மாறியது. இரு ஆய்வகங்களும் கலந்தாய்ந்து, அல்மாலினக்ஸைப் பொது வழங்கலாகக் கொள்வதாக 2022 டிசம்பரில் அறிவித்தன.

அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் சென்ட்ஓஎஸ் விட்ட இடத்தை நிரப்ப 2021இல் வெளிவந்தவை. 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் நிறுவன வழங்கலின் மூலநிரலைச் சந்தாதாரர்க்கு மட்டும் வழங்கத் தொடங்கியபோது இவ்விரண்டும் வேறுவேறு வழிகளை மேற்கொண்டன. இந்நிகழ்ச்சிகளில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. பொருள் ஒன்றாயிருந்தும் வாக்குறுதி அளிப்பவர் மாறினால் தேர்வும் மாறுகிறது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

6. தம் கையே துணையாகக் கொண்டோர்

மேற்கூறியவற்றுக்கு விலக்காகத் தோன்றும் நிறுவனங்களும் உண்டு. கூகுள் நிறுவனம் தன் பணியாளர் கணினிகளில் நெடுங்காலம் உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பைத் தழுவிய ஒரு வகையைப் பயன்படுத்தியது. அத்தனை கணினிகளையும் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் பணி ஓராண்டின் பெரும்பகுதியை விழுங்கியதால், டெபியனின் சோதனைக் கிளையிலிருந்து சிறுசிறு மாற்றங்களை இடைவிடாது ஏற்கும் முறைக்கு அது மாறிற்று. அமேசான் நிறுவனம் தன் மேகக் கணிமைச் சேவைக்கெனத் தனி வழங்கலையே வைத்திருக்கிறது.

இவையும் நம் கருத்துக்கு மாறானவை அல்ல. பத்தாண்டு மாறாமையை வெளியாரிடம் வாங்குவதற்கு மாறாக, நாள்தோறும் சோதித்து மாற்றும் பொறியாளர்களைத் தம்மிடம் வைத்திருக்கின்றன. யார் பழுதுபார்ப்பர் என்னும் வினாவுக்கு ‘நாமே’ என்று விடை கூறும் வலிமை அவற்றுக்கு உண்டு. சிறு நிறுவனம் ஒன்று அவ்விடையைப் பார்த்துப் போலச் செய்தால், பொறுப்பேற்பவர் இல்லாத நிலையே எஞ்சும். பணியாளரின் பழக்கமும் இங்கேதான் எடைபெறுகிறது. டெபியன் மரபில் தேர்ந்த இருவரே உள்ள அலுவலகத்துக்கு, ஏட்டளவில் சிறந்த வேறு மரபு பயன் தருவதில்லை.

7. தமிழ் எண்ணிம நூலகங்கள் கருதவேண்டுவன

மதுரைத் திட்டம் 1998இலும், ஈழத்து எழுத்துகளைக் காக்கும் நூலகம் திட்டம் 2005இலும் தொடங்கின. தமிழ்நாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் பல்கலைக்கழகங்களும் அறக்கட்டளைகளும் இவ்வாறு எண்ணிமத் தொகுப்புகளை நடத்துகின்றன. இத்தகைய தொகுப்புகளின் வாழ்நாள் எந்த வழங்கலின் ஆதரவுக் காலத்தையும் விட நீண்டது. ஆகவே ஒரு தொகுப்பு தன் வாழ்நாளில் இயங்குதளத்தைப் பலமுறை மாற்றியே தீரவேண்டும். தமிழைப் பொறுத்தவரை அம்மாற்றத்தில் தனியானதோர் இடர் உண்டு. அகரவரிசையே அவ்விடர்.

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் குறியெண்கள் தமிழ் நெடுங்கணக்கின் வரிசையில் அமையவில்லை. குறியெண்படி னகரம் பகரத்துக்கு முன் வருகிறது. றகரம் லகரத்துக்கு முன் வருகிறது. ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன் வருகின்றன. புள்ளி தனிக்குறியாகப் பின்னே சேர்வதால், ‘க’ முன்னும் ‘க்’ பின்னுமாகின்றன. ஆகவே குறியெண்ணை மட்டும் கொண்டு அடுக்கினால் அகராதி வரிசை கிடைக்காது. வரிசைப்படுத்தும் விதிகளைக் கூறும் அட்டவணை ஒன்று தேவை. பல தரவுத்தளங்கள் அவ்வட்டவணையை இயங்குதளத்தின் அடிப்படை நிரலகமாகிய ஜிலிப்சியிடமிருந்தே பெறுகின்றன. குறியெண் வரிசையோடு ஓரளவு நிறைவடையக்கூடிய ஆங்கிலப் பட்டியலைவிடத் தமிழ்ப் பட்டியல் இயங்குதளத்தை மிகுதியாகச் சார்ந்திருக்கிறது.

2018 ஆகஸ்டில் வெளியான ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பு அனைத்துலகத் தரத்தைத் தழுவி அவ்வட்டவணையைப் பெருமளவில் புதுப்பித்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த டெபியன் 10, ரெட் ஹாட்டின் எட்டாம் தலைமுறை ஆகியவை அதனை ஏற்றன. மாற்றம் ஆங்கிலப் பட்டியல்களையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க ஆங்கில அமைப்பில் முன்பு ‘11’ முதலிலும் ‘1-1’ அடுத்தும் வந்தன. புதிய பதிப்பில் அவை இடம் மாறின. இணைக்கோடு கலந்த நூல் எண்களைக் கையாளும் நூலகர் இதன் பொருளை எளிதில் உணர்வர்.

போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் விரைவாகத் தேடும்பொருட்டுச் சொல்லடைவு ஒன்றை வரிசைப்படுத்தி வட்டில் எழுதி வைக்கின்றன. பழைய வரிசையில் எழுதிய அடைவை, புதிய வரிசையை நம்பும் இயங்குதளம் தேடினால், தவறான இடத்தில் தேடி ‘இல்லை’ என்று விடை கூறக்கூடும். நூல் இருக்கும், பதிவு இருக்கும், தேடுபவர்க்குக் கிடைக்காது. ஒரே நூல் இருமுறை பதிவாகவும் கூடும். இவற்றுக்குப் பிழைச்செய்தி எதுவும் தோன்றாமல் போகலாம். அரிய நூல் ஒன்றைத் தேடிவந்த ஆய்வாளர் அது தொகுப்பில் இல்லை என்றே முடிவு செய்து திரும்பிவிடுவார்.

இதனைத் தவிர்ப்பது கடினமன்று. இயங்குதளத்தை மாற்றியவுடன் அடைவுகள் அனைத்தையும் மீண்டும் கட்டவேண்டும். போஸ்ட்கிரெஸ் 2017இல் வெளியான பத்தாம் பதிப்பு முதல் ஐசியு என்னும் தனி நிரலகத்தின் வரிசை விதிகளையும் ஏற்கிறது. அவ்விதிகளும் மாறக்கூடியவையே. ஆயினும் விதியின் பதிப்பெண்ணைத் தரவுத்தளம் குறித்துவைத்து, அது மாறும்போது எச்சரிக்கை தருகிறது.

எனவே ஒரு தமிழ்த் தொகுப்பு தன் வழங்கிக்கு இயங்குதளம் தேர்கையில் பின்வரும் வினாக்களுக்கு எழுத்தில் விடை பெறுதல் நலம். முதலாவது, இப்பதிப்புக்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் வரும்? இரண்டாவது, அதனை உறுதியளிப்பவர் யார்: வணிக நிறுவனமா, தன்னார்வலர் குழுவா, அரசு அமைப்பா? அவர் விலகினால் அடுத்து எங்குச் செல்வது? மூன்றாவது, நம் பணியாளர் எந்த மரபில் தேர்ந்தவர்? நான்காவது, நம் தரவுத்தளம் அகரவரிசை விதியை எங்கிருந்து பெறுகிறது, அதன் பதிப்பெண் என்ன? ஐந்தாவது, அடுத்த மாற்றத்துக்கான உழைப்பும் பொருளும் திட்டச் செலவில் ஒதுக்கப்பட்டுள்ளனவா?

8. முடிவுரை

நிறுவனங்கள் இயங்குதளத்தைத் தேர்வது புதுமை கருதியோ விலை கருதியோ மட்டும் நிகழ்வதன்று. காலத்தையும் பொறுப்பையும் சான்றையும் பணியாளர் திறனையும் ஒருங்கே எடைபோட்டே அது நிகழ்கிறது. செல்வம் மிக்க நிறுவனமும் பெரும் ஆய்வகமும் எதிர்பாராத மாற்றத்துக்கு ஆளாயின; மாற்றுவழி அறிந்த பொறியாளர்கள் இருந்தமையால் அவை மீண்டன. தமிழ்த் தொகுப்புகள் பலவற்றில் கணினிப் பொறுப்பு ஒருவரிடமோ இருவரிடமோ மட்டுமே உள்ளது. அவர் விலகும்போது வழங்கியும் கேட்பாரற்றுப் போகிறது. எண்ணிமமாக்கத்துக்கு நல்கை வேண்டி எழுதும் திட்டங்களில் ஒளிவருடிக்கும் வட்டுக்கும் தொகை கேட்பது வழக்கம். அடுத்த பத்தாண்டில் இயங்குதளத்தை இருமுறையேனும் மாற்றி, அடைவுகளைச் சரிபார்ப்பதற்கான தொகையையும் அவற்றுள் தனித் தலைப்பில் சேர்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் பரிந்துரையாகும்.